வேகம் கூட்டிய கணினியில் பிழை தேடும் வழி

பெங்களூரு எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் ரோடு, சென்னை ரிச்சி தெரு. எந்த ஊரில் போய்ப் பிழைக்கிற தமிழரானாலும், கணினியைத் தானே பூட்டிக் கொள்ளும் ஆசை வந்துவிட்டால் இந்த நான்கில் ஒரு தெருவில் கட்டாயம் கால் வைத்திருப்பார். அங்கே பிராசஸர் பெட்டியைக் கையில் எடுத்ததும் கடைக்காரர் முதலில் சொல்வது ஓர் எண்ணை. “3.6 கிகாஹெர்ட்ஸ் சார்!” அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதை நாமாக மாற்றினால் என்ன ஆகும், மாற்றிய பிறகு கணினி மக்கர் செய்தால் குற்றவாளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் அச்சிட்ட வேகம் அந்தச் சில்லின் எல்லை அல்ல. தயாரிப்பாளர் கொடுக்கும் உத்தரவாதம். ஒரே சிலிக்கன் தகட்டிலிருந்து வெட்டியெடுத்த சில்லுகள் எல்லாமே ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று கூடுதல் வேகம் தாங்கும், இன்னொன்று தாங்காது. தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் பிரித்து, கோடை வெயில், மட்டமான மின்சாரம், ஐந்தாறு வருடத் தேய்மானம் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் இடம் விட்டுத்தான் எண்ணை அச்சிடுகிறார்கள். அப்படி ஒதுக்கிய இடத்தை நாம் எடுத்துக் கொள்வதற்குப் பெயர்தான் ஓவர்கிளாக்கிங். ஆகவே வேகம் கூட்டிய கணினி தகராறு செய்யும்போது ‘என்ன கெட்டுப் போச்சு?’ என்று கேட்பது சரியான கேள்வி அல்ல. பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. ‘எங்கே விட்டிருந்த இடம் முதலில் தீர்ந்தது?’ என்பதே கேட்க வேண்டியது. அது பிராசஸரிலா, நினைவகத்திலா, மின்சாரத்திலா, வெப்பத்திலா? பிழை தேடுவது என்பது இந்த நான்கையும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாகப் பிரிப்பதுதான்.

பெருக்கல் கணக்கு

மதர்போர்டில் ஓர் அடிப்படைக் கடிகாரம் துடிக்கிறது. இன்றைய கணினிகளில் பொதுவாக 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்குப் பத்து கோடித் துடிப்பு. பிராசஸர் அதை ஒரு பெருக்கியால் பெருக்கிக் கொள்கிறது. 100ஐ 36ஆல் பெருக்கினால் 3600 மெகாஹெர்ட்ஸ். கடைக்காரர் சொன்ன 3.6 இதுதான். வேகத்தைக் கூட்ட இரண்டே வழிகள்: பெருக்கியைக் கூட்டலாம், அல்லது அடிப்படைத் துடிப்பைக் கூட்டலாம். முதல் வழி பிராசஸரோடு போய்விடும். இரண்டாவது வழியில் அந்தத் துடிப்பை நம்பியிருக்கும் மற்ற உறுப்புகளும் சேர்ந்து ஓடத் தொடங்கும். வண்டியில் ஒரு மாட்டை மட்டும் அடித்தால் இன்னொரு மாடும் சேர்ந்து ஓடித்தானே ஆக வேண்டும்!

இதற்கு நான் அறிந்தவரை மிகச் சிறந்த பாடம் 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ. அடிப்படைத் துடிப்பு 66, பெருக்கி 4.5, வேகம் 300. பெருக்கி பூட்டப்பட்டிருந்தது, ஆனால் துடிப்பை 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸில் பல சில்லுகள் சமர்த்தாக ஓடின. அதே ஆண்டு வெளிவந்த விலையுயர்ந்த பென்டியம் 2-இன் வேகம் அது. பயாஸில் அந்த வசதி இல்லாத மதர்போர்டாக இருந்தால், சில்லின் அட்டையில் பி21 என்ற ஒற்றைப் பின்னின் மேல் செல்லோடேப் துண்டு ஒட்டி மதர்போர்டை ஏமாற்றிய பிரகஸ்பதிகளும் உண்டு.

வேடிக்கை அதுவல்ல. ‘எதுக்கு ஒரேயடியா 100? மெதுவா 83ல ஆரம்பிப்போம்’ என்று ஜாக்கிரதையாக ஆரம்பித்தவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். 83ஐ 4.5ஆல் பெருக்கினால் 373 மெகாஹெர்ட்ஸ்தான். பிராசஸருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க்கைக் கட்டி மேய்க்கும் பி.சி.ஐ. பாதைக்குத் துடிப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? அதே அடிப்படைத் துடிப்பை வகுத்துத்தான். 66இல் இரண்டால் வகுத்தால் 33, அது விதிப்படி சரி. 100இல் மதர்போர்டு மூன்றால் வகுக்கும், அப்போதும் 33. நடுவே 83இல் இரண்டாலேயே வகுத்ததால் 41.5 வந்தது! பிராசஸர் நிம்மதியாக இருக்க, ஹார்ட் டிஸ்க்கில் எழுதிய கோப்புகள் சத்தமில்லாமல் சிதைந்தன. குறைவாகக் கூட்டியவருக்கு நஷ்டம், நிறையக் கூட்டியவருக்கு லாபம். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தும் பிழை போகவில்லை என்றால் நாம் குறைத்த உறுப்பு குற்றவாளி இல்லை என்று பொருள். இந்தத் தருக்கம் இன்றைக்கும் அப்படியே செல்லும்.

2003இல் வந்த ஏ.எம்.டி. அத்லான் எக்ஸ்.பி. 2500+ சில்லும் இதே வழியில் புகழ் பெற்றது. 166ஐ 11ஆல் பெருக்கி 1833இல் ஓட வேண்டிய சில்லு அது. துடிப்பை 200 ஆக்கினால் 2200. அதே குடும்பத்தின் உச்சியிலிருந்த 3200+ சில்லின் வேகமும் அதுவே. ஆனால் இதற்குள் மதர்போர்டுக்காரர்கள் பாடம் படித்து, பி.சி.ஐ. துடிப்பைத் தனியாகப் பூட்டி வைக்கும் வசதியைச் சில போர்டுகளில் கொடுத்திருந்தார்கள். எனவே டிஸ்க் பிழைத்தது. பழி நினைவகத்தின் மேல் விழுந்தது. மலிவான ராம் போட்டவர்கள் 200இல் திணறினார்கள்.

2011இல் இன்டெல் சாண்டி பிரிட்ஜ் வந்ததும் கதை மாறியது. அடிப்படைத் துடிப்போடு ஏறக்குறைய எல்லாவற்றையும் பின்னிவிட்டதால் அதை நாலைந்து சதவீதத்துக்கு மேல் அசைக்க முடியாமல் போயிற்று. பெருக்கியை மாற்றும் உரிமை ‘கே’ எழுத்துப் போட்ட சில்லுகளுக்கு மட்டும், அதற்குத் தனி விலை. 2017இல் ரைசன் வந்தபோது ஏ.எம்.டி. பெருக்கியை எல்லோருக்கும் திறந்து விட்டது. அடிமட்ட மதர்போர்டுகளில் மட்டும் அந்த வசதி இல்லை.

தெரியாமலே வேகம் கூட்டியவர்கள்

இவ்வளவும் பழங்கதை, நான் ஓவர்கிளாக்கிங் பக்கமே போனதில்லை என்பவர்கள் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். உங்கள் கணினியும் பட்டியலில் இருக்கலாம். பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்று ஒரு செட்டிங் இருக்கும். கடையில் பூட்டிக் கொடுக்கும் பையனே அதைப் போட்டுவிட்டுத்தான் அனுப்புவான். ராம் குச்சியின் அட்டையில் 6000 என்று போட்டிருந்தால், அந்த வேகம் இந்தச் செட்டிங்கைப் போட்டால்தான் கிடைக்கும். போடாவிட்டால் பெரும்பாலும் 4800. இந்த 6000 என்பது ராம் செய்தவரின் உறுதிமொழி. பிராசஸருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போடவில்லை!

இங்கே ஓர் உண்மை நிகழ்ச்சி. தெரிந்த குடும்பத்துப் பையன், முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறான். திரவ ஓட்டத்தைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் வாடி வந்தான். “அங்கிள், அதே புரோகிராம், அதே இன்புட். நாலு தடவை ஓட்டினா நாலு விடை வருது. ரெண்டு வாரமா கோடை வரி வரியா பாத்துட்டேன்” என்றான்.

பல கோர்களில் பங்கு போட்டு ஓடும் புரோகிராம்களில் கடைசி இலக்கங்கள் சற்று மாறுவது இயல்பு. கூட்டும் வரிசை மாறினால் தசமப் புள்ளிக்குப் பின் வெகு தூரத்தில் வித்தியாசம் வரத்தான் செய்யும். ஆனால் இவனுக்கு இரண்டாவது இலக்கமே மாறியது. ஒரே கோரில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அப்போதும் மாறியது. கணினி ஒருமுறைகூட ஹேங் ஆகவில்லை, நீலத்திரை வரவில்லை என்றான். “சமீபத்துல எதையாவது மாத்தினியா?” என்று கேட்டதற்கு, “ராம் மட்டும் இன்னும் ரெண்டு குச்சி போட்டேன், மொத்தம் நாலு” என்றான்.

விஷயம் பிடிபட்டு விட்டது. அது ரைசன் 7000 வரிசைச் சில்லு. இரண்டு குச்சி இருக்கும்போது ஏ.எம்.டி. உத்தரவாதம் தரும் வேகம் 5200. நான்கு குச்சி போட்டால் அது 3600தான். பையனோ நான்கையும் 6000இல் ஓட்டிக் கொண்டிருந்தான். மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் போட்டு ஓட்டியதில் முக்கால் மணி நேரத்துக்குள் சிவப்பு வரிகள் வந்து விழுந்தன. 3600க்கு இறக்கினோம். இரவு முழுக்க ஓடியது, ஒரு பிழை இல்லை. அவனுடைய புரோகிராமும் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடையைச் சொன்னது.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. எந்தத் தேதியிலிருந்து வந்த விடைகளை நம்பக் கூடாது? நல்லவேளையாக ராம் வாங்கிய பில் இருந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு எடுத்த மூன்று மாத முடிவுகள் அத்தனையையும் மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. வழிகாட்டியிடம் கொடுத்திருந்த இரண்டு அட்டவணைகளைத் திரும்ப வாங்கினான். அந்தக் காலத்தில் எடுத்து வைத்த ஜிப் கோப்புகளில் சில திறக்கவே மறுத்தன. ஆடிப் போய்விட்டான் பாவம்.

நீலத்திரை காட்டி நிற்கும் கணினி நேர்மையான கணினி. தப்பான விடையைச் சிரித்த முகத்தோடு கொடுக்கும் கணினிதான் ஆபத்து. சர்வர்களில் இதற்காகவே பிழை திருத்தும் ஈ.சி.சி. ராம் போடுகிறார்கள். டி.டி.ஆர்.5 குச்சிகளில் உள்ளுக்குள்ளேயே ஒரு பிழை திருத்தம் இருக்கிறது என்று கடைகளில் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அது சில்லுக்குள் நடக்கும் பிழைகளுக்கு மட்டும். ராமுக்கும் பிராசஸருக்கும் நடுவே உள்ள பாதையில் பறிபோகும் துணுக்குகளை அது காப்பாற்றாது. பையனுக்கு நேர்ந்தது பாதையில்தான்.

எங்கிருந்து தொடங்குவது

சந்தேகம் வந்த கணத்தில் முதல் காரியம், பேக்கப் எடுக்காதீர்கள்! கேட்க விபரீதமாக இருக்கும். தடுமாறும் கணினியில் நகல் எடுத்தால் அந்த நகலும் தடுமாறும். அதைக் கொண்டு போய்ப் பழைய நல்ல நகலின் மேலேயே எழுதினால் இரண்டும் போச்சு. முதலில் பயாஸுக்குள் போய் எல்லாவற்றையும் ஆலையிலிருந்து வந்த நிலைக்கு மீட்டுங்கள். பிறகு நகல் எடுங்கள், அதுவும் பழையதன் மேல் எழுதாமல் வேறிடத்தில்.

மீட்டிய நிலையிலும் அதே தகராறு இருந்தால் ஓவர்கிளாக்கிங் குற்றவாளி அல்ல. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலே வோல்டேஜைக் கூட்டுவதும் குறைப்பதுமாக வாரக்கணக்கில் அல்லாடுகிறவர்கள் எத்தனையோ பேர். தகராறு போய்விட்டால் நல்லது. இனி ஒவ்வொன்றாகத் திரும்பப் போட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. பழைய டைரியோ நோட்டோ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்ன மாற்றினோம், எவ்வளவு நேரம் ஓட்டினோம், என்ன வெப்பம், என்ன நடந்தது என்று எழுதிக் கொள்ளுங்கள். பயாஸ் திரையைச் செல்போனில் படம் பிடித்து வைத்தாலும் போதும்.

வரிசையில் முதலில் ராம். பிராசஸர் ஆலை வேகத்தில் இருக்க, எக்ஸ்.எம்.பி.யை மட்டும் போட்டு மெம்டெஸ்டை இரவு முழுதும் ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். ‘ஒண்ணுதானே’ என்று விடக்கூடாது. ராம் தேறிய பிறகு அதை மறுபடி ஆலை வேகத்துக்கு இறக்கிவிட்டுப் பிராசஸரின் பெருக்கியைக் கூட்டிப் பாருங்கள். இதற்கு உதவுவது பிரைம்95. மெர்சென் பகா எண்களைத் தேட 1996 முதல் நடந்துவரும் கூட்டு முயற்சிக்காக எழுதிய புரோகிராம் இது. பெரிய எண்களைப் பெருக்கி, முன்பே தெரிந்த சரியான விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். விடை மாறினால் அந்தக் கோரை உடனே நிறுத்திவிட்டுச் சொல்லிவிடும். வெறும் சூடேற்றும் சோதனைகளில் இந்த ஒப்பீடு கிடையாது. அவற்றில் ஹேங் ஆனால்தான் நமக்குத் தெரியும். இரண்டும் தனித்தனியே தேறிய பின் சேர்த்துப் போட்டு மறுபடி ஒரு முறை. தனியாகத் தேறியவை சேர்ந்தால் தோற்பதும் உண்டு. ராம் வேகமாகும்போது பிராசஸருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியும் கூடுதலாகச் சூடாகிறது.

வோல்டேஜ் என்கிற மருந்து

பிரைம்95 பிழை காட்டினால் எல்லோரும் தேடிப் போகும் மருந்து வோல்டேஜ். ஏன் என்று புரிந்து கொண்டால் அளவோடு கொடுக்கலாம். சில்லுக்குள் ஒரு முனையிலிருந்து புறப்பட்ட சமிக்ஞை, அடுத்த துடிப்பு வருவதற்குள் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். துடிப்பை விரைவாக்கினால் பயணத்துக்கான அவகாசம் குறைகிறது. வோல்டேஜைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் வேகமாகத் திறந்து மூடுகின்றன, சமிக்ஞை நேரத்துக்குப் போய்ச் சேர்கிறது. சரி, கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதானே? போக முடியாது. சில்லு வேலை செய்யும்போது செலவாகும் மின்திறன் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறுகிறது. வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறுகிறது. வேகம் 10 சதவீதம், வோல்டேஜ் 10 சதவீதம் கூட்டினால் 1.1ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். விடை 1.33. பத்து சதவீத வேகத்துக்கு முப்பத்து மூன்று சதவீத வெப்பம்!

இதை நம் ஊர் வெயிலில் வைத்துப் பார்ப்போம். வாட்டுக்கு 0.4 டிகிரி ஏற்றும் ஒரு ஹீட்சிங்க், 125 வாட் எரிக்கும் சில்லு. அறை வெப்பத்தைவிட 50 டிகிரி கூடும். பெங்களூரில் ஜனவரியில் 25 டிகிரி அறையில் 75. டெல்லியில் மே மாதம் ஏ.சி. இல்லாத 42 டிகிரி அறையில் 92. இப்போது மேற்படி 33 சதவீதத்தைச் சேருங்கள்: 166 வாட், 66 டிகிரி ஏற்றம். பெங்களூரில் 91, எப்படியோ சமாளிக்கும். டெல்லியில் 108. ஆனால் நிஜத்தில் 108 வராது. 95 அல்லது 100 டிகிரியைத் தொட்டதும் சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். “வேகத்தைக் கூட்டினேன் சார், முன்னைவிட மெதுவாயிடுச்சு” என்று வரும் புகார்களின் ரகசியம் இதுதான். குளிர் நாட்டுக்காரர் எழுதிவைத்த வோல்டேஜ் எண்ணை அப்படியே காப்பியடிப்பதில் உள்ள அபாயமும் இதுதான். அவருடைய அறை 20 டிகிரி. அவருடைய சில்லும் வேறு.

எனவே மே மாதத்தில் முளைக்கும் பிழைக்கு முதல் சிகிச்சை பயாஸில் இல்லை. கேபினெட்டைத் திறந்து ஹீட்சிங்கின் இடுக்கில் கம்பளி மாதிரி படிந்திருக்கும் தூசியை எடுங்கள். விசிறியின் இதழைக் கையால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தால் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். பிறகு பார்த்தால் பாதி வழக்குகள் தள்ளுபடி ஆகியிருக்கும்.

மின்சாரமும் அப்படித்தான். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் 12 வோல்ட் தடம் 5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது, 12.6க்கு மேல் ஏறக் கூடாது. மலிவான பெட்டிகளில் அட்டையில் 500 வாட் என்றிருக்கும், வேலை வந்தால் 12 வோல்ட் தடம் சரியும். இதைக் கணினித் திரையில் காட்டும் மென்பொருள் அளவை நம்பாமல், பிரைம்95 ஓடும்போது இணைப்பில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பழக்கமில்லாதவர்கள் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கொள்ளலாம். ஹேங்கோ நீலத்திரையோ இல்லாமல், பாரம் ஏறிய கணத்தில் பட்டென்று அணைந்து போகும் கணினி என்றால் முதல் சந்தேகம் இந்தப் பெட்டியின் மேல்தான்.

இன்னொரு சூட்சுமம். பயாஸில் 1.30 என்று வைத்திருப்பீர்கள். பாரம் ஏறியதும் சில்லுக்குக் கிடைப்பது 1.24ஆக இருக்கும். குழாயைத் திறந்ததும் மாடித் தொட்டியின் அழுத்தம் குறைகிற மாதிரி. இது கோளாறல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. இதைச் சரிக்கட்ட ‘லோட்லைன்’ என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அதை உச்சத்தில் வைத்தால் பாரம் இறங்கும் நொடியில் வோல்டேஜ் வைத்த அளவுக்கு மேல் துள்ளும். அந்தத் துள்ளல் மிக நுண்ணிய நேரமே நீடிப்பதால் திரையில் தெரியாது. ஆனால் சில்லுக்குத் தெரியும். நடுத்தர அளவோடு நிறுத்திக் கொள்வதே உத்தமம்.

சும்மா இருக்கும்போது விழுவது

பிரைம்95 இருபத்து நாலு மணி நேரம் தாங்குகிறது. மறுநாள் மின்னஞ்சல் படிக்கும்போது கணினி ரீஸ்டார்ட் ஆகிறது. எதற்கு? பலரைக் குழப்பும் இந்தப் புதிர் அண்மைக் காலத்துச் சில்லுகளுக்கு உரியது. இப்போதெல்லாம் சில்லு தன் வேகத்தைத் தானே நொடிக்குப் பலமுறை மாற்றிக் கொள்கிறது. எல்லாக் கோர்களுக்கும் வேலை இருந்தால் வேகம் மட்டாக இருக்கும். ஒரே கோருக்குச் சின்ன வேலை வந்தால் அந்த ஒன்று மட்டும் உச்ச வேகத்துக்குப் பாயும். ரைசனில் ‘கர்வ் ஆப்டிமைசர்’ என்ற வசதி மூலம் ஒவ்வொரு கோரின் வோல்டேஜையும் குறைக்கிறார்களே, அந்தக் குறைப்பு கடுமையாகச் சோதிக்கப்படுவது அந்தப் பாய்ச்சலில்தான். எல்லாக் கோர்களையும் ஒன்றாக வதைக்கும் சோதனையில் எந்தக் கோரும் உச்ச வேகத்தைத் தொடுவதே இல்லை. பிறகு எப்படிப் பிழை தெரியும்? ஆகவே கோர்களை ஒவ்வொன்றாக, மற்றவை சும்மா இருக்க, தனித்தனியே சோதிக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்கள்தான் வம்பு செய்யும். அவற்றுக்கு மட்டும் குறைப்பைத் தளர்த்தினால் போதும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ‘வீயா’ என்ற தலைப்பில் வரும் வரிகளைத் தினமும் பாருங்கள். திருத்தப்பட்ட பிழை என்று அமைதியாக எழுதியிருக்கும். கணினி நன்றாக ஓடுகிற மாதிரி தோன்றும்போதே அங்கே வரிகள் சேருமானால் விளிம்பில் நிற்கிறோம் என்று பொருள். நீலத்திரையில் குறியீடு 124 என்று முடிந்தால் வன்பொருள் தானே புகார் கொடுத்திருக்கிறது. 101 என்றால் ஒரு கோர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது. வேகம் கூட்டிய கணினியில் இவை இரண்டும் பெரும்பாலும் கோர் வோல்டேஜ் போதாமையைக் காட்டும். 50 போன்ற நினைவகக் குறியீடுகள் ராமின் பக்கம் திரும்பச் சொல்லும். இவை தீர்ப்பல்ல, துப்பு மட்டுமே.

நாம் தொடாமலே

இவ்வளவு சொன்ன பிறகு, எதையும் தொடாதவர்களும் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லாமல் விட முடியாது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்வகைச் சில்லுகளில், விளையாட்டு தொடங்கும்போது ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்று செய்தி வந்து நின்றது. ஜனங்கள் கிராபிக்ஸ் கார்டை மாற்றிப் பார்த்தார்கள். உண்மையில், சுருக்கி வைத்த கோப்பை விரிக்கும்போது பிராசஸர் தப்புக் கணக்குப் போட்டது. பழி கார்டின் மேல் விழுந்தது. பெருக்கியை 55இலிருந்து 53க்கு இறக்கியவர்களுக்குத் தகராறு நின்றது. மதர்போர்டுகள் ‘ஆலை நிலை’ என்ற பெயரிலேயே 253 வாட் வரம்பை எடுத்துவிட்டு 4096 வாட் என்று போட்டிருந்ததும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. 4096 வாட் என்றால் வரம்பே இல்லை என்று அர்த்தம். நாலு இஸ்திரிப் பெட்டி!

2024 ஜூலையில் இன்டெல், சில்லுக்குள் இருக்கும் மைக்ரோகோடு அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டு வாங்கியதே காரணம் என்று ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வந்தன. உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீட்டப்பட்டது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சில்லைத் திருத்தம் குணப்படுத்தாது. இத்தகைய சில்லு வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்தார்களா என்று பார்த்துக் கொள்வது நல்லது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 வரிசையின் எக்ஸ்3டி சில்லுகள் சில எரிந்து போனதும் இதற்கு அண்ணன் தம்பி கதைதான். எக்ஸ்போவைப் போட்டால் சில போர்டுகள் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கான வோல்டேஜைத் தாராளமாக ஏற்றிவிட்டன. ஏ.எம்.டி. அதற்கு 1.30 என்று மேல்வரம்பு கட்டியது.

தேய்மானம் என்பதைச் சாதாரணமாக எடுத்துக் கொள்ளக் கூடாது. இரண்டு வருடம் சமர்த்தாக ஓடிய செட்டிங் திடீரென்று பிழை காட்டினால், தூசியும் இல்லை, வெயிலும் இல்லை என்றால், சில்லு கிழடு தட்டுகிறது. அதற்கு மேலும் வோல்டேஜ் கொடுப்பது ரத்த அழுத்தக்காரருக்கு ஊறுகாய் பரிமாறுவது போல. பெருக்கியை ஒன்றிரண்டு படி இறக்குவதே வழி.

திரையே வராவிட்டால்

கடைசியாக, செட்டிங் மாற்றி ரீஸ்டார்ட் செய்ததும் திரை கறுப்பாகவே இருந்தால் பதற வேண்டாம். டி.டி.ஆர்.5 கணினியில் ராம் வேகத்தை மாற்றிய முதல் தடவை, போர்டு குச்சிகளைப் பழக்கப்படுத்திக் கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதற்குள் பொறுமை இழந்து சுவிட்சை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். அப்படியும் வராவிட்டால் போர்டின் ஓரத்தில் சின்ன விளக்குகள் நான்கு இருக்கும், பிராசஸர், ராம், கிராபிக்ஸ், பூட் என்று. எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். பல போர்டுகள் சில முறை முயன்று தோற்றதும் தாமாகவே பத்திரமான நிலைக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, சீமாஸ் ஜம்பரைச் சில வினாடிகள் இணைக்க வேண்டும். ஜம்பர் தென்படவில்லையா? நாணயம் போல இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்துவிட்டு மாட்டுங்கள். பயாஸ் மறந்துவிடும். கடிகாரத்தையும் தேதியையும் சேர்த்தே மறக்கும், அவற்றைத் திரும்ப வைத்துக் கொள்ளுங்கள்.

பழைய மதர்போர்டை எஸ்.பி. ரோட்டிலோ நேரு பிளேஸிலோ இரண்டாம் கையாக வாங்குகிறவர்களும் மாட்டுவதற்கு முன் இதே காரியத்தைச் செய்யலாம். முன்னவர் வைத்த வோல்டேஜ் என்னவென்று அந்தப் போர்டுக்குத்தான் தெரியும்.